இரண்டாவது திரை ஏன் இருண்டது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டரைப் பத்தி ஏதாவது பேசுப்பா, ஆனா பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்று நம் செயலாளர் சொன்னார். பெரிய பெரிய விஷயங்களைப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பழுது பார்க்கிறவன். அதனால் ஒரே ஒரு பழுதைப் பற்றிப் பேசுகிறேன். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர் இணைத்தால் ஒன்று ஏன் இருண்டு போகிறது? இதுதான் தலைப்பு. சிரிக்காதீர்கள். இந்த ஒரு பழுதால் நம்ம ஊரில் தறி நின்றிருக்கிறது.

நம்ம ஊர் டிசைன் போடும் தொழிலைப் பற்றி வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. சேலையில் வரும் யாளி, அன்னம், மாங்காய் எல்லாம் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கும். 240 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டி என்றால் குறுக்கே 240 கட்டம். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை. கட்டத்தில் புள்ளி இருந்தால் அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும். அவ்வளவுதான் கணக்கு. பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804ல் செய்த பொறி இது. பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்கு வந்த துளை அட்டைக்கு இதுதான் பாட்டன். நம்ம ஊரில் பாட்டனும் பேரனும் இன்றைக்கும் ஒரே வீட்டில் வேலை செய்கிறார்கள். இந்தப் பெருமையை நாம் யாரும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது கட்டத்தாள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஒரு கட்டம் ஒரு புள்ளி. திரையில் அகலம் 1920 புள்ளி. எட்டு மடங்கு பெரிதாக்கினால் 240 பெருக்கல் 8, சரியாக 1920. ஓரப் பட்டைகளை மறைத்துவிட்டால் ஒரு பெட்டியின் முழு அகலமும் திரையில் அளவெடுத்தது போல உட்கார்ந்துவிடும். ஆனால் அப்போது முழு முந்தானை எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இரண்டாவது மானிட்டர். ஒன்றில் கட்டம், மற்றொன்றில் முழுத் தோற்றம். கண்ணை மாற்றி மாற்றி வைத்து வேலை செய்வார்கள். இது ஆடம்பரம் இல்லை. இரண்டு கண் வேண்டும் என்பது போலத்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டிசைன் அண்ணன் லினக்ஸில்தான் வேலை செய்கிறார். திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம் என்பது ஒரு காரணம், வைரஸ் தொல்லை மற்றொரு காரணம். ஒரு நாள் காலையில் ஃபோன். "தம்பி, ரெண்டாவது டிவி செத்துப் போச்சு." மானிட்டருக்கு அவர் வைத்த பெயர் டிவி. கல்யாண ஆர்டர். அன்று மாலைக்குள் அட்டை அடிக்கப் போக வேண்டும். அட்டை வராவிட்டால் பழைய அட்டையை இறக்கிவிட்ட தறி சும்மா நிற்கும். நம்ம ஊரில் நெய்கிறவருக்குக் கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான். தறி நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. இது இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வீட்டு விஷயம்.

நான் போவதற்குள் அங்கே ஒருவர் பென்டிரைவோடு உட்கார்ந்திருந்தார். "லினக்ஸே இப்படித்தான் சார், ஃபார்மேட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுடலாம்" என்கிறார். அந்த ஹார்ட் டிஸ்கில்தான் அண்ணனின் பதினோரு வருஷ டிசைன்கள் எல்லாம் இருக்கின்றன. வேறு எங்கும் நகல் இல்லை. "முதல்ல அந்த பென்டிரைவைக் கழட்டுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தேன்.

மானிட்டர் சாகவில்லை. கேபிளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்; இரண்டு மானிட்டரும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு மானிட்டர் மதர்போர்டிலேயே உள்ள துளையில் செருகியிருந்தது. மற்றொன்று தனியாக வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டில். இருண்டது கார்டில் செருகியது. ஆக, ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு படம் வரைபவர்கள். அதில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. எந்தத் துளை யாருடையது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பல லேப்டாப்களிலும் இதே கதைதான். லேப்டாப்பின் சொந்தத் திரை ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடு இணைந்திருக்கும், பக்கவாட்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை தனி கிராபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கும். சிப்பின் டிரைவர் ஏறாவிட்டால் லேப்டாப் திரை ஜம்மென்று ஓடும், வெளி மானிட்டர் மட்டும் இருளும். பார்ப்பவர் மானிட்டரைத்தான் திட்டுவார்.

சரி, ஏன் வரவில்லை? டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, ஹைஃபன் கே என்று அடித்தேன். இந்தக் கட்டளை கம்ப்யூட்டருக்குள் உள்ள கார்டுகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்றும் காட்டும். மதர்போர்டு கிராபிக்ஸுக்குக் கீழே டிரைவர் பெயர் இருந்தது. தனிக் கார்டுக்குக் கீழே அந்த வரியே இல்லை. அடுத்து யுநேம், ஹைஃபன் ஆர். அது ஓடுகிற கெர்னலின் எண்ணைச் சொன்னது. முந்தைய நாள் ராத்திரி அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்திருக்கிறது. பழுது அங்கேதான்.

கெர்னல் என்றால் என்ன என்று இயற்பியல் துறை நண்பர்கள் கேட்பார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991ல் எழுத ஆரம்பித்த கருப்பகுதி அது. டிரைவர்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே குடியிருக்கும்; கெர்னல் மாறினால் கூடவே மாறும். ஆனால் சில கார்டுகளுக்குத் தயாரிப்பாளர் தனியாக டிரைவர் தருகிறார். அது வாடகைக்கு வந்த பிள்ளை மாதிரி. வீடு மாறும்போதெல்லாம் அந்தப் புது வீட்டு அளவுக்கு அதை மறுபடி தைக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அந்தத் தையலைத் தானே செய்துவிடும். ஆனால் அதற்குக் கெர்னல் ஹெடர்ஸ் என்ற அளவுக் குறிப்பு வேண்டும். அண்ணன் கம்ப்யூட்டரில் புதுக் கெர்னல் வந்தது, ஹெடர்ஸ் வரவில்லை. தையல் நடக்கவில்லை. தனி டிரைவர் போடும்போது கெர்னலுக்குள் இருக்கும் பொது டிரைவரைத் தடைப் பட்டியலில் வைத்துவிடுவார்கள். இரண்டு பேரும் ஒரே கார்டைப் பிடித்து இழுக்கக் கூடாதே. ஆகவே அவரும் இல்லை, இவரும் இல்லை. கார்டு அனாதை.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, ஆரம்பப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு திரையும் வந்துவிட்டன. லினக்ஸ் அப்டேட்டின்போது பழைய கெர்னலை வீட்டை விட்டு உடனே துரத்துவதில்லை, பக்கத்து அறையில் வைத்திருக்கும். இந்த ஒரு நல்ல பழக்கத்துக்காகவே அதைக் கும்பிடலாம். அண்ணன் உட்கார்ந்து வேலையை முடித்தார், அட்டை சாயங்காலம் போனது. அடுத்த நாள் ஆற அமர ஹெடர்ஸ் போட்டேன், டிரைவர் தைக்கப்பட்டது, புதுக் கெர்னலும் சரியாயிற்று. கூடவே இரண்டு மானிட்டரையும் ஒரே கார்டில் செருகி வைத்தேன். இரண்டு கார்டு, இரண்டு டிரைவர் என்று இழுபறி எதற்கு?

இதில் இன்னொரு வகை உண்டு. டிரைவர் தைக்கப்பட்டிருக்கும், ஆனாலும் ஏறாது. புது லேப்டாப்களில் செக்யூர் பூட் என்று ஒரு வாயிற்காவலர் இருக்கிறார். கையெழுத்து இல்லாத டிரைவரை அவர் உள்ளே விடமாட்டார். டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை ஆரம்பிக்கும்போது ஒரு நீலத் திரை வந்து, இந்தச் சாவியைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். நம்ம பிள்ளைகள் அவசரத்தில் என்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். அந்த நீலத் திரையில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் முடிந்தது.

ஏன் இந்தத் தயாரிப்பாளர்கள் டிரைவரை வெளிப்படையாகக் கொடுப்பதில்லை என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டெல் தன் கிராபிக்ஸ் டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே வைத்து வளர்த்தது. ஏஎம்டி நிறுவனம் 2007ல் தன் கார்டுகளின் தொழில்நுட்பக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. என்விடியா தரவில்லை. ஆர்வலர்கள் சிலர் அந்தக் கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்துப் பார்த்து நூவோ என்ற டிரைவரை எழுதினார்கள். அது 2010ல் கெர்னலுக்குள் வந்தது. பிறர் நெய்த சேலையை வாங்கி, இழை இழையாகப் பிரித்து டிசைன் எடுப்பது போன்ற வேலை! 2012ல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகக் கூட்டத்தில் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டியது உலகப் பிரசித்தம். (மாணவர்கள் பின்பற்ற வேண்டாம்.) பத்து வருஷம் கழித்து, 2022 மே மாதம், அந்த நிறுவனமும் தன் புதிய கார்டுகளுக்கான கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. மேல் பகுதி இன்னும் மூடித்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸைக் கையில் எடுத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதே வருஷம் வெளிவந்தது. 2011ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அதாவது இங்கே வந்திருக்கும் பல முன்னாள் மாணவர்கள் கையில் லினக்ஸ் இருந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தீர்கள் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்த கேஸ். நம் கல்லூரி மாணவர் ஒருவர். லேப்டாப்பில் லினக்ஸ் போட்டார், ஆரம்பிக்கும்போதே கறுப்புத் திரை. யாரோ சொன்னார்களாம், ஆரம்ப வரியில் நோமோட்செட் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் வரும் என்று. சேர்த்தார், வந்தது. அப்படியே நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து ப்ராஜெக்ட் விளக்கத்துக்கு ப்ரொஜெக்டரில் செருகினால் ஒன்றும் வரவில்லை. செட்டிங்ஸில் ஒரே ஒரு திரைதான் காட்டுகிறது, பெயர்கூட இல்லாமல்.

காரணம் அந்த வார்த்தையேதான். 2009 முதல் திரையின் அளவை அமைக்கும் வேலையைக் கெர்னல் எடுத்துக்கொண்டது. முதலில் இன்டெல்லுக்கு, பிறகு மற்றவற்றுக்கு. நோமோட்செட் என்றால் "அந்த வேலையைச் செய்யாதே" என்று அர்த்தம். அப்புறம் உண்மையான டிரைவர் ஏறாது. ஏதோ ஒரு பொதுவான வழியில் ஒரே திரை, ஒரே அளவு. அது காய்ச்சலுக்குப் போட்ட கஞ்சி. குணமான பிறகும் கஞ்சியே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பு தேறுமா? உள்ளே நுழைய அந்த வார்த்தையை ஒரு முறை பயன்படுத்துங்கள், சரியான டிரைவரைப் போடுங்கள், பிறகு அழித்துவிடுங்கள். அந்தத் தம்பிக்கு வார்த்தையை எடுத்தவுடனே ப்ரொஜெக்டர் வந்தது. டிரைவர் என்றைக்கோ அப்டேட்டில் வந்து வாசலில் காத்திருந்தது!

மூன்றாவது வகையில் டிரைவருக்குச் சம்பந்தமே கிடையாது, ஆனால் பழி மட்டும் அதன் மேல் விழும். ஒரு டிசைன் கடையில் இரண்டாவது மானிட்டர் வந்தது, ஆனால் 1024க்கு 768 என்ற அளவில்தான் வந்தது. 1920க்கு 1080 என்ற வாய்ப்பே பட்டியலில் இல்லை. "படம் வருதுல்ல, போதும்" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், நாலுக்கு மூன்று என்ற படத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற அகலத் திரையில் இழுத்துக் காட்டினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு குண்டாகத் தெரியும். அங்கே வேலை செய்த பெண் மாங்காய் குண்டாக இருக்கிறதே என்று ஒடுக்கி ஒடுக்கி வரைந்திருக்கிறார். அதை அப்படியே அட்டையாக அடித்துத் தறியில் ஏற்றியிருந்தால் மாங்காய் முருங்கைக்காயாகத்தான் வந்திருக்கும். பட்டும் ஜரிகையும் போன பிறகு அழித்து எழுத முடியாது. நல்லவேளை, தாளில் அச்செடுத்துப் பார்த்த மாஸ்டர் நெசவாளர் ஒருவர், "ஏம்மா, இது என்ன பட்டினி கிடந்த மாங்கா?" என்று கேட்டுவிட்டார்.

ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு ஜாதகம் உண்டு. எடிட் என்று பெயர். அடிப்படையில் 128 பைட் கொண்ட ஒரு சின்னக் குறிப்பு. நான் யார், என் அளவு என்ன, எந்த வேகம் தாங்குவேன் என்று மானிட்டர் அதில் எழுதி வைத்திருக்கும். கேபிளைச் செருகியவுடன் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். பழைய நீல விஜிஏ கேபிளில் பதினைந்து ஊசிகள். ஜாதகம் வருவது 12ஆம் ஊசியிலும் 15ஆம் ஊசியிலும். படத்தின் நிறம் வருவது வேறு ஊசிகளில். ஆகவே 12 வளைந்திருந்தால் படம் வரும், ஜாதகம் வராது. ஜாதகம் இல்லாத மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பத்திரமாக ஒரு பழைய அளவைக் கொடுத்துவிடும். கடையில் நான் செய்தது கேபிள் மாற்றியது மட்டுமே. ஊசி ஒன்று உடைந்து உள்ளே மடங்கிக் கிடந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எஸ்ஒய்எஸ் என்ற ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம். அங்கே கார்டின் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் என்ற ஃபைலில் கனெக்டட் அல்லது டிஸ்கனெக்டட் என்று ஒரே வார்த்தை. பக்கத்தில் எடிட் என்ற ஃபைல். அதை கேட் கட்டளை கொடுத்துத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை என்றால் ஜாதகம் படிக்கப்படவில்லை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். செட்டிங்ஸ் திரை அழகாகப் பொய் சொல்லலாம், இது சொல்லாது. துளையின் ஃபோல்டரே இல்லையா, டிரைவர் பிரச்சினை. ஃபோல்டர் இருந்து டிஸ்கனெக்டட் என்கிறதா, கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். கனெக்டட் என்று சொல்லியும் இருளா, அளவு, வேகம், டெஸ்க்டாப் அமைப்பு என்று மேலே போகலாம்.

அடாப்டர் என்றதும் ஒன்று. யுஎஸ்பி-சி துளை எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எல்லாவற்றிலும் படம் வராது. சிலது சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்துவிட்டு லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். வாங்கும் முன் லேப்டாப்பின் குறிப்பேட்டைப் பாருங்கள்.

இன்னொரு மாற்றத்தையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்பும் எக்ஸ் என்ற ஏற்பாடு 1984ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. அது ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு திரை என்று நினைத்த காலம். இரண்டாவது திரை பிறகு ஒட்டுப் போட்டது. ஒரு காலத்தில் மானிட்டரின் அலைவரிசையைக்கூட நாமே ஒரு ஃபைலில் எழுத வேண்டும். 2007ல் எக்ஸ்ரேண்டர் புது வடிவம் வந்த பிறகுதான் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரைச் செருகிப் பிடுங்க முடிந்தது. இப்போது அந்த இடத்துக்கு வேலண்டு வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10ல் பழைய எக்ஸ் டெஸ்க்டாப் அமர்வே எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு திரை ரொம்பக் கூர்மை, மற்றொன்று சாதாரணம் என்றால் இரண்டுக்கும் தனித்தனி எழுத்தளவு வைப்பது வேலண்டில் எளிது. எக்ஸில் அது எப்போதும் தலைவலிதான். ஆனால் எக்ஸ்ரேண்டரால் புது அளவைச் சேர்ப்பது எப்படி என்று சொல்லும் பழைய குறிப்புகள் வேலண்டில் செல்லாது. கட்டளை தவறாகப் போய்விட்டது என்று நினைத்துப் பத்து தடவை அடிக்காதீர்கள். எந்த அமர்வில் இருக்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

யாரிடம் கேட்பது என்ற கவலை வேண்டாம். நம் ஊர்ப் பெயரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கணியம் என்ற தமிழ் இதழ் 2012லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது, இலவசம். கேட்கும்போது "ஸ்க்ரீன் வரல சார், ப்ளீஸ் ஹெல்ப்" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தக் கார்டு, எந்த டிரைவர் ஓடுகிறது, கெர்னல் எண் என்ன, எக்ஸா வேலண்டா, எந்தத் துளையில் எந்தக் கேபிள், கடைசியாக எப்போது சரியாக இருந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது, இவ்வளவையும் எழுதிக் கேளுங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையார்பாளையத்து அண்ணன் இப்போது வாரம் ஒரு முறை டிசைன்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைக்கிறார். அப்டேட்டைக் கல்யாண ஆர்டர் நடுவில் போடுவதில்லை, அமாவாசையன்று தறிக்கு விடுமுறை விடும்போது போடுகிறார். மானிட்டரை இன்னும் டிவி என்றுதான் சொல்கிறார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தியும் தயாராகிவிட்டதாம். லேப்டாப் கொண்டு வந்திருக்கும் மாணவர்கள் சாப்பிட்டுவிட்டு இயற்பியல் ஆய்வகத்துப் பக்கம் வாருங்கள், நான் இரண்டு மூன்று நல்ல கேபிள் எடுத்து வந்திருக்கிறேன்.